சைவ எலும்பு

தேய்ந்த எலும்புக்குள் வைக்கிற கல்சியம் பொஸ்பேற்றுத் தூளைச் செய்வது என் தொழில். கண்ணுக்கே தெரியாத மணிகள், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வந்தாக வேண்டும். ஆய்வுகூடங்களில் காலம் தள்ளும் தோழர்களே, இந்தப் பாட்டை உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

பஸ்ஸில்

கல்சியக் கரைசலுக்குள் பொஸ்பேற்றைத் துளித்துளியாக விடவேண்டும். அமிலத்தன்மை ஏறினால் வேறேதோ உப்புப் படிந்துவிடும் என்று அமோனியாவும் விட்டபடி நிற்பேன். அந்த வாடை என் உடுப்போடு வெள்ளவத்தை வரை வரும்.

கொள்ளுப்பிட்டியில் பஸ் ஏறினால் பக்கத்து ஆசனமும் எனக்குத்தான். ஒருநாள் ஓர் அம்மா மட்டும் எழும்பவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது காதோடு கேட்டார்: "பிள்ளை, என்ன டை பூசுறனீர்? மணம் கூடத்தான், ஆனா நரை ஒண்டும் தெரியேல்லை."

நீள மணி

தூளின் மேல் உயிருள்ள எலும்புக் கலங்களை வளர்த்துப் பார்ப்பது பர்ஹானாவின் வேலை. கொம்பனித்தெருக்காரி, கறார் பேர்வழி. மணிகள் தொடர்ந்து ஒரே அளவில் வந்தால்தான் தூளைக் கையால் தொடுவாள்.

ஒருமுறை கரண்ட் போய் வந்ததில் கரைசலின் சூடு எகிறிவிட்டது. நுணுக்குக்காட்டிப் படத்தில் குட்டை மணிகளைக் காணோம். எல்லாம் நீள நீளமாகக் கிடந்தன. ஒரு கிழமை உழைப்பு வீண், எனக்கு அழுகையே வந்துவிட்டது. பர்ஹானா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்: "கீரி சம்பா கேட்டா நீங்க பாஸ்மதி கொண்டு வந்து நீட்டுறீங்களே!"

அன்ரியின் கேள்வி

நான் அறை எடுத்திருக்கும் வீட்டு அன்ரி, முட்டையைக்கூட வாசல் தாண்ட விடாதவர். பல்லுப் பிடுங்கிய இடத்தில் அவருக்குத் தாடையெலும்பு தேய்ந்துவிட்டது. புதுப் பல் வைப்பதானால் முதலில் எலும்புத் தூள் நிரப்பவேண்டும் என்றாராம் டொக்டர். அது மாட்டெலும்பில் செய்தது என்று அறிந்ததும் கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார்.

"நீர் செய்யிறது சைவமோ?"

"சுத்த சைவம் அன்ரி. எல்லாம் போத்தலில வாற உப்பு."

"அப்ப ஒரு சரை கட்டிக்கொண்டு வாரும்."

பரிசோதனைகளும் அனுமதியும் முடிய வருஷக்கணக்காகும், வெளிநாட்டுச் செயற்கைத் தூளும் இருக்கிறது, அதைக் கேளுங்கள் என்றேன். அன்ரி மசியவில்லை: "வீட்டில ஒரு பிள்ளை செய்யேக்க நான் ஏன் வெளியில வாங்க?"

போன கிழமை

அதன்பிறகு சூடாக்கியை விட்டு நான் அசையவேயில்லை, தேத்தண்ணிக்குக்கூட. மணிகள் ஒரே அளவில் வரத் தொடங்கின. போன கிழமை பர்ஹானா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். என் தூளின் மேல் கலங்கள் ஒட்டிப் படர்ந்திருந்தன. அப்படி ஒட்டினால்தான் எலும்பு வளரும்.

வீட்டுக்கு ஓடிவந்து அன்ரியிடம் சொன்னேன். பொய் நம்பிக்கை கொடுக்க மனமில்லாமல், இது முதற்படிதான், இன்னும் கனகாலம் இருக்கிறது என்றும் சொன்னேன். அன்ரி வாயிலிருந்த தோசையை நல்ல பல்லுள்ள பக்கம் ஒதுக்கினார்: "அவசரமில்லைப் பிள்ளை, வடிவாச் செய்யும். அதுவரைக்கும் நான் இந்தப் பக்கத்தால சப்புறன்."

ஆக தோழர்களே, எங்கள் ஆராய்ச்சிக்குக் கெடு வைத்திருப்பது எந்தப் பேராசிரியரும் அல்ல, அன்ரியின் மிச்சக் கடைவாய்ப் பற்கள்தான்.