கண்டி ஸ்டேஷனில் அம்மா

பேராதனையில் நான் முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்த வருடம், வரலாறு, உளவியல், சமூகவியல் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து நினைவைப் பற்றி ஒரு பாடம் நடத்தின. யாரோ ஒருவருடைய வாழ்வில் நடந்த ஒரு நாளை எடுத்து, அதை நினைவில் வைத்திருப்பவர்களிடம் கேட்டு, மூன்று துறைகளின் வழியாகவும் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் தூரத்து ஊர்களுக்குப் போனார்கள். நான் கண்டி, கட்டுக்கலையில் எங்கள் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன்.

அம்மா பன்விலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்தவர். இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இங்கே இருக்கிறவர்கள் யார் என்று இரு நாட்டு அரசுகளும் தோட்டக் குடும்பங்களைப் பிரித்த காலத்தில் அவருடைய ஒரே அக்கா, புதிதாகக் கல்யாணமாகி, புருஷன் வீட்டாரோடு அக்கரைக்குப் போனார். அம்மா அப்போது சின்னப் பிள்ளை. கண்டி ஸ்டேஷனில் அக்காவை வழியனுப்பிய கதையைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். அன்றைக்குப் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தபடி மறுபடியும் கேட்டேன்.

"கோச்சி கெளம்பிருச்சு. அக்கா ஜன்னல் வழியா கைய நீட்டுது. நான் ஓடுறேன், ஓடுறேன். அதோட வெரல் நுனி என் கையில பட்டுச்சு. அம்புட்டுத்தான்" என்றார் அம்மா. சொல்லும்போது அவருடைய வலது கை தானாக முன்னே நீண்டது.

பெரியம்மா கோத்தகிரியில் இருக்கிறார். அம்மாவும் அவரும் எப்போதாவது போனில் பேசுவார்கள். காய்ச்சல், பிள்ளைகள், மழை என்று பேச்சு முடிந்துவிடும். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு தடவையும் பேசிக்கொண்டதில்லை. நான் தனியாக அவரை அழைத்து ஸ்டேஷனைப் பற்றிக் கேட்டேன்.

"பாப்பாவா? ஒங்கம்மா ஸ்டேஷனுக்கே வரலியேம்மா" என்றார். "அதுக்கு அம்மை போட்டிருந்துச்சு. கிட்ட போகக் கூடாதுன்னுட்டாங்க. லயத்து வாசல்ல நின்னு பாத்தேன். தூங்கிக்கிட்டு இருந்துச்சு. தொடாமயே வந்துட்டேன்."

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தமிழ் வாய்க்கும். வரலாறு கற்பித்த அலவத்துகொட ஊர்க்கார மிஸ் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அவங்க ஸ்டேஷனுக்கு வரல்லண்டா நீங்க அத எழுதத்தான் வேணும். ஆனா அக்காட நினைவு மட்டும் பிழையாகாதுண்டு யார் சொன்ன?"

உளவியல் துறையிலிருந்து வந்த யாழ்ப்பாணத் தோழி என்னோடு பஸ் ஹோல்ட் வரை நடந்தாள்.

"அம்மா பொய் சொல்லேல்லை" என்றாள். "வழியனுப்பப் போன ஆக்கள் வந்து சொல்லச் சொல்ல, அவவும் மனசில அங்க போயிட்டா. எனக்கும் அப்பிடி ஒண்டு இருக்கு. அண்ணா கடைசியாச் சொன்னதெண்டு நான் வைச்சிருக்கிறது அவர் சொன்னதோ, நானாச் செய்ததோ தெரியாது."

பேராதனைப் பாலத்தில் ஏறியதும் நடையைக் குறைத்தாள். "அதை ஆரிட்டயும் கேட்டுச் சரிபார்க்க மாட்டன்" என்றாள். அவளுடைய பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அம்மா விடவில்லை. "அக்காகிட்ட பேசினியாமே, என்னா சொல்லிச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நீயே பேசும்மா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தேன். அம்மா அதற்காகச் சேலை மாற்றி, தலைவாரி வந்து கதிரையில் உட்கார்ந்தார். பெரியம்மாவின் முகம் தெரிந்ததும் நலம்கூட விசாரிக்காமல் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். கோச்சி, ஜன்னல், கை, ஓட்டம், எல்லாவற்றையும் சொன்னார். இப்போது பெரியம்மா, நீ வரவேயில்லை என்று சொல்லிவிடுவார், அம்மாவுக்கு அதற்குப் பிறகு என்ன மிஞ்சும் என்று பயந்தேன்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆமா பாப்பா" என்றார் பெரியம்மா. "ஓடியாந்தே. எங்க விழுந்துருவியோன்னு பயந்துட்டேன்."

"விழல அக்கா. தூணப் புடிச்சுக்கிட்டேன்" என்றார் அம்மா. அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் பெரியம்மாவை அழைத்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கோச்சி நகர்றப்ப நான் அதத்தான் தேடுனேன்மா. யாராச்சும் போர்வையில சுத்தித் தூக்கியாந்துருப்பாங்களோன்னு கூட்டத்துல ஒவ்வொரு புள்ள மொகமா பாத்தேன். இத்தன வருசம் கழிச்சு அது வந்தேன்னு சொல்லுது. நான் எப்பிடி வரலைன்னு சொல்லுவேன்?"

கட்டுரையில் எதையும் மறைக்கவில்லை. அம்மா அன்று ஸ்டேஷனில் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று எழுதினேன். பெரியம்மா முதலில் சொன்னதையும் பிறகு சொன்னதையும் அவருடைய அனுமதியோடு சேர்த்தேன். ஜன்னலோரம் இருந்தவர் தேடியதும், லயத்தில் படுத்திருந்தவர் ஓடியதும் ஒரே பிரிதலுக்குள் அடங்குபவை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியபோது எந்தத் துறையின் மொழியில் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மிஸ் அந்த வரியின் கீழ் கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அழிக்கச் சொல்லவில்லை.

"என்னா எழுதின?" என்று அம்மா கேட்டார்.

"நீ சொன்னதையும் பெரியம்மா சொன்னதையும் எழுதினேன்."

"ரெண்டும் ஒன்னுதானே" என்றார்.

படிப்பு முடிந்தது. தோழி ஊருக்குப் போய்விட்டாள். "வாறன்" என்று சொல்லிப் போனவள் இன்னும் வரவில்லை. மழை நாட்களில் பேராதனைப் பாலத்தைக் கடக்கும்போது அவள் நடை ஞாபகம் வரும். அம்மாவுக்குப் பாஸ்போட் எடுத்துவிட்டோம். ஆனால் அப்பாவின் வைத்தியம், பெரியம்மாவின் முழங்கால், அங்கே மழை, இங்கே மழை என்று பயணம் தள்ளிக்கொண்டே போகிறது. அதனால் ஞாயிறுதோறும் இருவரும் பேசுகிறார்கள். சமைத்ததைக் காட்டிக்கொள்கிறார்கள்.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்கு வெளியே வந்து போனைத் திருப்பி, மேட்டில் ஏறிப்போகும் தேயிலையைக் காட்டினார். மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா பாப்பா, எல்லாம் நம்ம பன்வில மாதிரியேதான் இருக்கு. ஒன்னையத்தான் காணோம்."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு வெகு கிட்டத்தில் வைத்துக்கொண்டு அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.