ஐஸ் சப்பாத்துக்குக் கால் கொடுத்த கதை

எங்கள் வீட்டில் சப்பாத்து வாசலோடு நின்றுவிடும். வால்தம்ஸ்டோவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். பொய்லர் திருத்த வருகிறவரும் கவுன்சிலில் இருந்து வருகிறவரும் கூட வாசலில் நின்று நாடா அவிழ்க்க வேண்டும். காலுறையின் ஓட்டையை மறைக்க ஒற்றைக் காலில் நின்று பேசிவிட்டுப் போன மனிதர் ஒருவரும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் இன்று ஒரு சோடி சப்பாத்து, நடு ஹோலில், பழைய துவாய் ஒன்றின் மேல் சொகுசாக வீற்றிருக்கிறது. அதற்கு நேர் மேலே சாமித்தட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணீர் வைக்கும் முன்பே அந்தச் சப்பாத்தின் அடியில் இருக்கும் இரும்புக் கத்தியை ஈரம் போகத் துடைக்கிறேன். விட்டால் துருப்பிடித்துவிடும்.

“உந்தச் சப்பாத்தை ஏன் சாமிக்குக் கீழ கொண்டந்து வைக்கிறீர்? வாசலில வையும்” என்பார் என் கணவர்.

“இது ரோட்டில மிதிக்காத சப்பாத்து. ஐஸில மட்டும்தான் நிண்டது. உங்கட செருப்பை விடச் சுத்தம்.”

“அப்ப சாமித்தட்டிலயே ஏத்தி வையுமன்.”

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. நான் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறேன். அதாவது, உறையவைத்த தண்ணீருக்கு மேல், சப்பாத்தின் அடியில் கத்தி பூட்டிக்கொண்டு, கையில் வளைந்த தடியோடு, பக் என்கிற கறுத்த றப்பர் வட்டு ஒன்றைத் துரத்துகிறேன். கேட்கும்போது விசர் வேலை போலத்தான் இருக்கும். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகும் பெண்கள் நிற்கிற அதே பஸ் தரிப்பில் நானும் தடியோடு நிற்பேன். “என்ன தங்கச்சி, தும்புத்தடி வாங்கினனீரோ?” என்று பட்டுச்சேலை கட்டிய அக்கா ஒருவர் கேட்டார். “ஓம் அக்கா, வீடு கூட்டத்தான்” என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பஸ் வந்துவிடும்.

இந்த ஆசை லண்டனில் பிடித்ததல்ல. நான் கலியாணம் கட்டி முதலில் போன நாடு சுவிஸ். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே குளிர்காலம் என்றால் ஐஸ் ஹொக்கிதான். ஊர் விளையாட்டரங்கின் கன்ரீனில் உருளைக்கிழங்கு பொரிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. குசினிக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எண்ணெய்ப் புகை, அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் முழு வேகத்தில் வந்து, கத்தியைக் குறுக்கே திருப்பி, வெள்ளைத் தூள் பறக்க நிற்பார்கள். அப்படி நிற்பதைப் பார்ப்பதற்காகவே நான் பொரியலைக் கருகவிட்டிருக்கிறேன். உள்ளே வராதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அகதியாக வந்தவளுக்கு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் யாழ்ப்பாணத்தில், கொண்டாவிலில் படிக்கும்போது நான் வலைப்பந்து விளையாடியவள். வெறுங்காலோடு, நடுமைதானத்தில், ஓடுவதற்கென்றே பிறந்தவள் போல ஓடுவேன். அடுத்த பாடசாலையோடு போட்டி என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் சண்டை தொடங்கி, எங்கள் மண்டபத்தில் இடம்பெயர்ந்த சனம் வந்து தங்கியது; பிறகு நாங்களே இடம்பெயர்ந்தோம். விளையாட்டுக்கு ஓடிய கால் உயிருக்கு ஓடியது. அந்தப் போட்டி நடக்கவே இல்லை. பிள்ளைகளின் படிப்புக்காக சுவிஸை விட்டு லண்டன் வந்து, அவர்களும் வளர்ந்த பிறகு, லைப்ரரிச் சுவரில் ஒரு அறிவித்தலைப் பார்த்தேன்: பெண்கள், தொடக்கநிலை, எந்த வயதும். மகள் ஆரணிக்குக் காட்டினேன். “அம்மா, ஜஸ்ட் ட்ரை இட்” என்று சொன்னவள், நான் யோசித்து முடிப்பதற்குள் தன் போனில் என் பெயரைப் பதிந்துவிட்டாள்.

பயிற்சியாளர் ஜெஸ் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். சில கிழமைகள் அரங்கின் வாடகைச் சப்பாத்தோடு பழக்கினாள். பிறகு, வசந்தத்தில் இன்னொரு புதுமுக அணியோடு போட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னாள். சேர விரும்புகிறவர்கள் தங்களுக்கென்று சரியான அளவில் ஸ்கேட் வாங்க வேண்டும், ஓடி வந்து நிற்கவும் பழக வேண்டும். நிற்கத் தெரியாதவளை விளையாட விடமாட்டேன், அது அவளுக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து என்றாள். ஒரு அணியின் சட்டையைப் போட்டு ஒரேயொரு போட்டியில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கடை லண்டனின் ஒரு ஓரத்தில், ரயிலில் இறங்கி பஸ் எடுத்துப் போகிற தூரத்தில் இருந்தது. கால் அளவு பார்க்கிறவர் பெயர் டெரெக். எழுபது தாண்டியிருக்கும், முழுக்க நரைத்த தலை. என்னை ஒரு மர வாங்கில் இருத்தி, சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு வாங்கின் விளிம்பைப் பிடித்து, முனகிக்கொண்டு, ஒவ்வொரு முழங்காலாக ஊன்றி என் முன்னால் மண்டியிட்டார். என் குதிக்காலை இரண்டு கையாலும் ஏந்தித் தன் தொடையில் வைத்தார். நான் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்ததல்ல. வேலையில் எத்தனையோ முதியவர்களின் காலைக் கழுவி, கிரீம் பூசி, காலுறை மாட்டிவிடுகிறேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. மூத்தவர்களின் காலை இளையவள் தொடுவது முறைதானே. இங்கே என் அப்பாவின் வயதுக்காரர் தரையில் இருக்கிறார், நான் மகாராணி மாதிரி மேலே இருந்து காலை நீட்டுகிறேன். உடம்பு ஒப்பவில்லை. தன் கை குளிர்கிறதாக்கும் என்று நினைத்த டெரெக், உள்ளங்கைகளைத் தேய்த்து, வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு மறுபடி காலைப் பிடித்தார். ஸ்கேட்டை மாட்டி நாடா இழுக்கத் தொடங்கியதும் நான் மறுபடி இழுத்தேன்.

“டூ டைட்?” என்றார்.

“யெஸ், யெஸ்” என்றேன். ஒரு வயதான மனிதரை முழங்காலில் வைத்துக்கொண்டு எங்கள் பழக்கவழக்கங்களை ஆங்கிலத்தில் விளக்க எனக்குத் தெம்பில்லை. அவர் எழும்பிப் போய் ஒரு அளவு பெரிய சோடி கொண்டுவந்தார். அதற்கும் இழுத்தேன். இன்னும் பெரியது வந்தது. அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. இனி இவரை எழுப்பி இருத்தினால் பாவம் என்று, “பெர்ஃபெக்ட்” என்று சொல்லி நானே நாடாவைக் கட்டிக்கொண்டேன். உள்ளே விரல்கள் சந்தோசமாக ஆடின. அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. சின்ன வயதில் எனக்குச் சப்பாத்து வாங்கினால், அப்பா நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, இடம் இருந்தால்தான் காசு கொடுப்பார். “வளருற பிள்ளை” என்பார். நாற்பது வருடம் கழித்தும் வளரத்தான் போகிறேன் என்று கால் நினைத்தது போல.

ஐஸில் இறங்கியதும் தொடங்கியது வினை. வாடகைச் சப்பாத்தில் ஓரளவு ஓடிய நான், சொந்தச் சப்பாத்தில் வாத்து மாதிரி நடந்தேன். கணுக்கால் உள்ளே மடிந்தது. திரும்பினால் கால் திரும்பும், கத்தி திரும்பாது. நிற்கப் போனால் சுவர்தான் என்னை நிறுத்தியது. இரண்டு தடித்த காலுறை போட்டேன், நாடாவைத் தோல் கன்றும் வரை இறுக்கினேன். ஒன்றுக்கும் பலனில்லை. ஒருநாள் ஜெஸ் என் தோளில் கை வைத்து, அவசரம் வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள். அவளுக்கு முன்னால் எத்தனையோ அடுத்த வருடங்கள் இருக்கின்றன. நான் பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் அமர்ந்து வீடு வரும் வரை அழுதேன். வீட்டில் இவர் நோவெண்ணெயைச் சூடாக்கித் தந்துவிட்டு, “வயசுக்கேத்த வேலையைப் பாருமன். எலும்பு முறிஞ்சா ஆர் பாக்கிறது?” என்றார். அவர் அன்போடு சொன்னதுதான். அன்று அது எனக்கு அன்பாகக் கேட்கவில்லை.

அடுத்த கிழமை, கடைசியாக ஒருமுறை என்று நினைத்துப் போனேன். பயிற்சி முடிந்து, களைப்பில் நாடாவை அவிழ்க்காமலே ஸ்கேட்டை இழுத்துக் கழற்றினேன். பாட்டாச் செருப்பு மாதிரிக் கழன்று வந்தது. ஜெஸ் அதைப் பார்த்துவிட்டாள். மறுபடி மாட்டச் சொல்லி, என் குதிக்காலுக்கும் சப்பாத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். முழுக் கையும் போனது.

“இது உன் அளவே இல்லை. யார் இதை உன் தலையில் கட்டியது?” என்று கடைக்கு போன் எடுக்கக் கிளம்பினாள். நான், “நோ, நோ, ஹி இஸ் எ குட் மேன்” என்று கெஞ்சினேன். முறைப்பாடு சொல்லப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வாங்குகிறவரின் உரிமை பற்றி எனக்கு ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். டெரெக்குக்காக வாதாட வாய் திறந்தபோதுதான், சப்பாத்து இறுக்கியதால் நான் ஒருமுறையும் காலை இழுக்கவில்லை என்பது எனக்கே உறைத்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. என் வயதிலும் பிழையில்லை, என் காலிலும் பிழையில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் அந்த மாதத்தில் மூச்சு விட்டதில்லை.

மறுபடி கடைக்குப் போய், டெரெக்கிடம் நேராகவே சொன்னேன்: போன முறை சப்பாத்து இறுக்கவில்லை, நீங்கள் என் காலைத் தொட்டதால்தான் இழுத்தேன். அவர் முகம் வெளிறிப்போனது. இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு பின்னால் போய், காசுமேசையில் நின்ற பெண்ணைக் கூப்பிடத் திரும்பினார். அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. “நோ, நோ! நீங்கள் ஆண் என்பதால் இல்லை, கிழவர் என்பதால்!” என்று கத்திவிட்டேன். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பள்ளத்தில் இருந்து ஏறி மற்றப் பள்ளத்தில் விழுந்த கதைதான். பிறகு வியர்த்து விறுவிறுத்து விளக்கினேன். எங்களில் மூத்தவர்களின் காலில்தான் நாங்கள் விழுவோம். மூத்தவர் எங்கள் காலைத் தொட்டால் எங்களுக்குத் தாங்காது. ஊரை விட்டு வரும்போது நான் என் அப்பாவின் காலைத் தொட்டுத்தான் வந்தேன்.

டெரெக் உயர்த்திய கைகளை இறக்கினார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கால்மாட்டில்தான் இருந்திருக்கிறேன், அதற்காக என்னைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் நீதான் என்றார். பிறகு, “சரி, அப்படியென்றால் எப்படிச் செய்யலாம்?” என்று கேட்டார். புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களே, இந்தக் கேள்வியை எத்தனை பேர் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள்? சுவிஸிலும் இங்கேயும், இங்கே இப்படித்தான் என்று சொன்னவர்களே அதிகம். நாமும் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் எங்களில் இப்படித்தான் என்று பிள்ளைகளிடம் கத்துகிறோம். எப்படிச் செய்யலாம் என்று இரண்டு பக்கத்தாரும் கேட்பது அபூர்வம்.

நான் வாங்கில் இருந்து இறங்கித் தரையில் அமர்ந்தேன். டெரெக்கும் முனகிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். இருவரும் வாங்கில் முதுகு சாய்த்து, கால்களை நீட்டி, மணலில் விளையாடும் பிள்ளைகள் மாதிரி இருந்தோம். வந்த வாடிக்கையாளர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்ற பேச்சில்லை. அவர் கை என் குதியில் பட்டபோது கால் ஒருமுறை துடித்தது. இழுக்கவில்லை. என் கால் நீளம் குறைவு, அகலம் கூட என்று அளந்து பார்த்துச் சொன்னார். வெறுங்காலோடு ஓடி வளர்ந்த கால் அகன்றுதானே இருக்கும். எனக்கு வேண்டியது பெரிய சப்பாத்தல்ல, அகலமான சின்னச் சப்பாத்து. நேராக நின்றால் விரல் சப்பாத்தின் நுனியைத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் பின்வாங்க வேண்டும், குதி அசையவே கூடாது. சரியான சோடியை ஒரு சின்ன ஓவன் அடுப்பில் சூடாக்கிக் கொண்டுவந்து மாட்டினார். பேக்கரியில் சுடச்சுட வாங்கிய பாணைக் காலில் கட்டியது போல இருந்தது. ஆறும் வரை அசையக் கூடாது, அப்போதுதான் சப்பாத்து காலின் வடிவத்துக்கு வரும் என்றார்.

“டைட்” என்றேன், இந்த முறை உண்மையாகவே.

“குட்” என்றார் டெரெக்.

பழைய சோடியை எங்கள் அணியின் உயரமான நேர்ஸ் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். புதுச் சோடியோடு ஐஸில் இறங்கிய நாளில், நான் திரும்ப நினைத்ததும் கத்தி திரும்பியது. நிற்க மட்டும் இன்னும் சில கிழமைகள் எடுத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்து, குதியைக் குறுக்கே தள்ளினேன். சர்ரென்று ஒரு சத்தம். நான் நின்றிருந்தேன், சுவர் இன்னும் தூரத்தில் இருந்தது, என் முன்னால் வெள்ளைத் தூள் பறந்தது. ஜெஸ் பையைத் திறந்து, ஒரு நீலச் சட்டையை எடுத்து என் மேல் எறிந்தாள்.

போட்டியன்று இவர் கம்பளித் தொப்பியும் பிளாஸ்கில் கோப்பியுமாக வந்து மேல் வரிசையில் இருந்தார். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். நான் பக்கைத் துரத்திப் போய், எதிரணிப் பெண் ஒருத்தியோடு மோதி, இருவரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். “எழும்பும், எழும்பும்!” என்று இவர் கத்துவது அரங்கு முழுக்கக் கேட்டது. விழுந்த வேகத்தில் என் சப்பாத்து அவள் முழங்காலில் பட்டுவிட்டது. கால் பட்டுவிட்டதே என்று நினைக்கும் முன்பே என் வலக்கை போய் அவள் முழங்காலைத் தொட்டு, கண்ணில் ஒற்ற வந்தது. தலையணை போன்ற அந்தத் தடித்த கையுறை, என் தலைக்கவசத்தின் முகக்கம்பியில் டொக்கென்று முட்டி நின்றது. கை கண்ணுக்கு எட்டவில்லை. அவள் கம்பிக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்தாள். இது ஏதோ ஹொக்கிக்காரரின் வணக்கம் என்று நினைத்தாளோ என்னவோ, தன் கையுறையைத் தூக்கி, என் முழங்காலில் ஒருமுறை தட்டி, தன் முகக்கம்பியில் டொக்கென்று முட்டினாள்.