ஏணியில் நின்ற பிரெஞ்சுக்காரன்

1984 பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று கடலும் தரையும் மாறிமாறி வந்தன. குறிகட்டுவான் துறையில் இறங்கி லோஞ்சில் ஏறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரம்.

பழைய பிரெஞ்சுப் படங்கள் சேர்ப்பது என் பைத்தியம். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வர்ணம் பூசியவை. பிரபுக்களை நையாண்டி செய்பவை, கொண்டாட்டங்களைக் காட்டுபவை. அப்படி இரண்டு, நெடுந்தீவில் நாகம்மா என்பவரிடம் இருப்பதாக நாரந்தனை நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

நெடுந்தீவுத் துறையில் ஒரு டிராக்டர் நின்றது.

"நாகம்மா அக்கா வீட்டை போகவேணும், அண்ணை. படம் பாக்க."

"ஏணிப் படமோ? ஏறுங்கோ. நானும் வாறன். ஏணியிலை நிக்கிறவன் அந்தச் சீமாட்டி கொண்டைக்குள்ளை ஒளிச்சு வைச்ச நகையைத் தேடுறான் எண்டு அக்கா கதை சொல்லுவா" என்றார் சாரதி.

பவளக்கல் மதில்களுக்கு நடுவே குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். நாகம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். காலி நகரில் கடை வைத்திருந்த கணவர், ஒரு பங்களா ஏலத்தில் படங்களை வாங்கி வந்தாராம். அவர் இறந்து நான்கு வருடம். ஏணிப் படத்தைச் சுவரில் கண்டதும் கிட்டப் போய் நின்றேன். கதிரையில் ஒரு சீமாட்டி. தலைமயிர் கூரை வரை. பின்னால் ஏணி வைத்து ஏறி நிற்கும் ஒருவன்.

அயலவர்கள் கூடிவிட்டார்கள்.

"உமக்குப் பிரெஞ்சு தெரியுமாமே. கீழை என்ன கிடக்கு? வாசியும்" என்றார் நாகம்மா.

கொழும்பில் மாலை வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சு அதை வாசிக்கப் போதும். சொல்லவும் மனமில்லை, மறைக்கவும் மனமில்லை.

"ஆள் தலை அலங்காரம் செய்யிறவன், அக்கா. அந்தக் காலத்துச் சீமாட்டிகளின்ரை பெரிய கொண்டையைப் பகிடி பண்ணிப் போட்ட படம்."

"அப்ப நகை இல்லையோ?" என்றார் டிராக்டர்க்காரர்.

"இல்லை."

எல்லோரும் நாகம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஏணியின் மேல் விரலை வைத்தார்.

"சரி. நகை தேடேக்கை பிடிபட்டிட்டான். தலை இழுத்துக் கொண்டை போட வந்தனான் எண்டு சொல்லிச் சமாளிச்சிருக்கிறான். கீழை எழுதினவனும் அதை நம்பிப் போட்டான்."

டிராக்டர்க்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு நானும்.

திருக்கைக் குழம்போடு சோறு தந்தபோது, ஏணிப் படத்தை விலைக்குக் கேட்டேன்.

"அதை விக்க ஏலாது. இவர் போனாப்பிறகு பின்னேரத்திலை ஆக்கள் இஞ்சை வாறது அதாலைதான். மற்றதைக் கொண்டுபோம். அதுக்கு எனக்குக் கதை வரேல்லை."

மற்றது ஒரு கிராமத்துக் கலியாண விருந்து. பழைய சேலைத் துண்டில் சுற்றித் தந்தார். நான் தேடி வந்த படம் சுவரிலேயே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் பட்டது.

மூன்று மணி லோஞ்சில், பக்கத்தில் இருந்த மீன்காரப் பெண் சுற்றியதை அவிழ்த்துக் காட்டச் சொன்னார். ஆட்டமும் பாட்டும் வைன் பீப்பாவுமாக இருந்த படத்தில் அவர் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இவர் ஏன் மேசைக்குக் கீழை இருக்கிறார்?"

படத்தின் அடியில் 'கிராமத்துக் கலியாணம்' என்பதைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

"அவர்தான் மாப்பிள்ளை" என்றேன்.

நாலைந்து பேர் கிட்ட நகர்ந்து வந்தார்கள். குறிகட்டுவானில் லோஞ்சைக் கட்டியபோதும் என் கதையில் மாப்பிள்ளையை நான் மேசைக்கு வெளியே கொண்டுவந்திருக்கவில்லை. ஒருவரும் இறங்கவில்லை.