எரிக்காமல் விட்ட கோட்டு

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் விஜியின் வீட்டிலிருந்து எதுவும் லேசில் குப்பைக்குப் போகாது. பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் கொத்தமல்லி வைப்பாள். தேய்ந்த டூத் பிரஷ்ஷால் மிக்ஸி இடுக்கைத் தேய்ப்பாள். அரிசி கழுவிய தண்ணீர் பால்கனிச் செடிகளுக்கு.

அவள் கணவன் கிளிஃபர்டுக்கு இதெல்லாம் அவமானம். நண்பர்கள் வந்தால், "வாங்கப்பா, எங்க குஜிரி கடைக்கு" என்று வீட்டைப் பழைய சாமான் கடையாக்கிச் சிரிப்பான். ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது நிஜமாகவே பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டான். இறந்துபோன அவள் அம்மாவின் தையல் டப்பாவும் அதோடு போய்விட்டது. பழைய சட்டைகளிலிருந்து அம்மா வெட்டிச் சேர்த்த பட்டன்கள் அதில் இருந்தன. தெருத்தெருவாக அந்தத் தள்ளுவண்டியைத் தேடினாள் விஜி. கிடைக்கவில்லை.

"ஒரு டப்பாக்குப் போயி இவ்ளோ சீன் போடற?" என்றான் அவன்.

அடுத்த வருஷம், ஆபீஸில் பழகிய ஒருத்தியோடு ஒயிட்ஃபீல்டுக்குக் குடிபோனான். "மிச்சத் துணிய அப்புறம் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எல்லாவற்றையும் மொட்டை மாடியில் போட்டு எரிக்கத்தான் முதலில் நினைத்தாள். தீப்பெட்டியும் கையில் இருந்தது. ஆனால் எரித்தால் ஆத்திரமும் அதோடு அடங்கிவிடும். அது அவளுக்குப் போதவில்லை. துணியும் நல்ல துணி. கத்தரிக்கோலை எடுத்தாள்.

முதலில் வெட்டியது அவன் அப்பாவின் கம்பளிக் கோட்டை. அதன்மேல் அவனுக்கு உயிர், தெரிந்தேதான் வெட்டினாள். பட்டை பட்டையாகக் கிழித்து வாசலுக்கு மிதியடி பின்னினாள். சட்டைகள் காய்கறிப் பைகளாயின. டைகளால் தக்காளிச் செடிகளைக் கம்போடு சேர்த்துக் கட்டினாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் தைத்ததில்லை.

போன ஜனவரியில் அவன் வந்து வாசலில் நின்றான்.

"அப்பா கோட்டு வேணும் விஜி. அக்கா பொண்ணு கல்யாணம்."

"அதுமேலதான் நின்னுட்டு இருக்க." அதுவரை அவனை 'நீங்க' என்றே பேசி வந்தவள்.

கிளிஃபர்ட் குனிந்து பார்த்தான். பின்னலுக்குள் கோட்டின் கரும்பச்சைக் கட்டம் தெரிந்தது. வெடுக்கென்று காலை எடுத்தான்.

"பைத்தியமா உனக்கு? எங்கப்பாதுடி அது!"

"தெரியும். உள்ள லைனிங் வேணுமா? கரித்துணியா இருக்கு, தரேன்."

அவன் மிதியடியை எடுக்கக் கை நீட்டினான். விஜி அதன்மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"விடு. இது என் வீட்டுச் சாமான்."

அவன் கண் கலங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நன்றாகப் பார்த்தாள். அவன் படியிறங்கினான்.

கதவைத் தாழிட்டுவிட்டு, மனசு உறுத்தும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். உறுத்தவில்லை. பசித்தது.