அந்த அருவிக்கு என்ன நிறம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரில் ஒரு அருவி சீப்பாக மாறியதைப் பார்த்தேன். தலை வாருகிற சீப்பு.

பயப்படாதீர்கள். வெயில் ஜாஸ்திதான், ஆனால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நான் சொல்வது டிவியில் ஓடிய அருவி. பழைய வீடியோ கேம் ஒன்றில் வருகிற அருவி.

முதலில் இக்பாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். நாங்கள் ஏழாவது படிக்கும்போது அவனுடைய அப்பா, அவன் பேச்சில் அத்தா, துபாயிலிருந்து லீவில் வந்தார். கூடவே ஒரு வீடியோ கேம் பெட்டியும் வந்தது. ஜப்பான் சாமான். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், கையளவு கேசட்டுகள் நாலைந்து. தெருவுக்கே அதுதான் முதல் பெட்டி. பள்ளிக்கூடம் விட்டால் நான் எங்கே போவேன்? என் வீட்டுக்கா?

கேசட்டைச் செருகுவதற்கு முன்னால் அதன் வாயில் ஊத வேண்டும். அது உலக வழக்கம். இக்பால் மட்டும் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு ஊதுவான். நான் ஊதினால் திரை வெறும் கோடு கோடாக வரும். அவன் ஊதினால் படம் வரும். இதற்கு விஞ்ஞான விளக்கம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அந்தக் காலத்து கேம்களில் படம் என்ன பெரிய படம் என்று இன்றைய பிள்ளைகள் நினைப்பார்கள். நிஜத்தில் அசத்தியிருக்கிறார்கள். ஒரு கார் ரேஸில் ரோடு வளைந்தால் நாங்களும் உட்கார்ந்த இடத்தில் வளைவோம். ஒரு காட்டு கேமில் கிட்டத்து மரம் வேகமாகப் போகும், தூரத்து மலை மெதுவாகப் போகும். சிதம்பரம் – கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கிட்டத்துப் பனைமரம் ஓடும், தூரத்துப் பனைமரம் நடக்கும். அதை நாலு கலர் கட்டங்களை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் டிவியில் செய்து காட்டியிருந்தான்.

அந்தக் காட்டு கேமின் மூன்றாவது கட்டத்தில்தான் அருவி. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாள் கிழிந்துபோனதால் கேமின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அருவி கேம் என்றே சொல்வோம். ஈட்டி வைத்திருக்கிற பையன் ஒருவன் அருவிக்குப் பின்னால் நடந்து போவான். அவன் தண்ணீருக்குள் தெரிவான்... மங்கலாக, நிஜத் தண்ணீருக்குப் பின்னால் ஆள் தெரிகிற மாதிரியே. அந்த இடம் வந்ததும் நாங்கள் விளையாட்டை நிறுத்திவிடுவோம். சும்மா பார்ப்போம். எதிரி வந்து குத்திவிட்டுப் போவான். போகட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்து வந்ததில்லை. நிறம். தண்ணீர் சோடா பாட்டில் பச்சை என்பான் இக்பால். நீலம் என்பேன் நான். வானம் கத்திரிக்காய் நிறம் என்பான். செம்பருத்திச் சிவப்பு என்பேன். அவனுடைய நிக்காஹ் அன்று பிரியாணிப் பந்தியில் மாப்பிள்ளையும் நானும் இதற்காகக் குரலை உயர்த்த, பெண் வீட்டார் என்னவோ பிரச்சினை என்று ஓடி வந்தார்கள்.

இந்த அருவியைக் கேட்டே வளர்ந்தவள் அவன் மகள் நஸ்ரின். மற்ற வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். இக்பால் அருவியைச் சொல்லி ஊட்டினான். அந்தப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு, கேம்களுக்குப் படம் வரைகிற படிப்புதான் படிப்பேன் என்று நின்றாள். சொந்தபந்தம் முழுக்க எதிர்த்தது. பொம்பளைப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பி கேம் படிக்க வைப்பதா? இக்பால் ஒற்றை ஆளாக நின்று அனுப்பினான்.

இப்போது அவள் கடைசி வருடம். பழைய கேம் பெட்டிகளில் வந்த மிக அழகான படம் எது, அதை எப்படிச் செய்தார்கள் என்று ஆராய்ந்து காட்ட வேண்டும். அதுதான் புராஜெக்ட். மற்ற மாணவர்கள் ஊரறிந்த கேம்களை எடுத்துக்கொண்டார்கள். இவள் அத்தாவின் அருவியைச் சொல்லிவிட்டாள். அவள் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. பெட்டி எரிந்துபோன அடாப்டரோடு பரங்கிப்பேட்டையில் இக்பாலின் லாத்தா, அதாவது அவன் அக்கா, வீட்டில் கிடந்தது. புது அடாப்டர் வாங்கி, கடலூருக்குக் கொண்டுவந்து, என்னையும் சிதம்பரத்திலிருந்து வரவழைத்தான்.

வீட்டுச் சுவரில் கதவு அகலத்துக்குப் புது டிவி. மஞ்சள் பின்னைச் செருகினோம். பிஸ்மில்லாஹ், ஊதல். காடு வந்தது. இக்பாலுக்கு விரல் மறக்கவில்லை, மூன்றாம் கட்டத்துக்குச் சரசரவென்று போய்விட்டான்.

அருவி வந்தது.

அருவியா அது? நெட்டுக்குத்தாக ஒரு கோடு, ஒரு சந்து, ஒரு கோடு, ஒரு சந்து. பையன் அதற்குப் பின்னால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் போகிறவன் மாதிரி போனான். தண்ணீர் ரோஸ் கலர். வானம் மஞ்சள். 

"செட்டிங் சரியில்ல" என்றான் இக்பால்.

"ஆமாம், கலர் எல்லாம் மாத்திக் காட்றான்" என்றேன் நான். நிற விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான் முதல் முறை.

நஸ்ரின் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுவா அத்தா?" என்றாள். அப்புறம் அவளே, "பரவால்ல அத்தா, நான் வேற கேம் எடுத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தப் பரவாயில்லைதான் இக்பாலைச் சாய்த்துவிட்டது. என்னை பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் ஸ்டாண்டில் சொன்னான். "எம் பொண்ணு என்னைப் பொய்யன்னு நெனச்சிட்டா மச்சான். நான் சொன்ன பேச்ச நம்பித்தான அது அந்தப் படிப்புக்கே போச்சி. இப்ப சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது சரின்னு ஆயிடும் போலருக்கு."

எனக்கும் மனசு கேட்கவில்லை. நானும்தானே பார்த்தேன் அந்த அருவியை? இரண்டு பேருக்கும் ஒரே கனவா வரும்?

மறுநாள் காலையில் நஸ்ரினே போன் செய்தாள். "மாமா, ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் பாத்தது குண்டு டிவிதான?"

அப்போது வேறு எந்த டிவி இருந்தது?

அவள் சொன்ன விஷயத்தைக் கேட்டு அசந்துபோனேன். அந்தக் கேம் பெட்டிக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீரைக் காட்டத் தெரியாது. அதற்கு அவ்வளவு சக்தி இல்லை. படம் வரைந்தவன் என்ன செய்தான்? ஒரு கோடு வரைந்து ஒரு கோட்டை விட்டான். குண்டு டிவிக்குப் பக்கத்துப் பக்கத்துக் கோட்டைத் தெளிவாகக் காட்டத் துப்பு கிடையாது — எல்லாவற்றையும் ஈஷிவிடும். கோடும் சந்தும் கலந்து தண்ணீராகிவிடும். டிவியின் மட்டத்தனத்தை நம்பி ஒருவன் படம் போட்டிருக்கிறான். டிவி உருப்பட்டதும் படம் கெட்டுவிட்டது.

"அப்ப அத்தா சொன்னது நெசமா இருக்கலாம் மாமா" என்றாள். இருக்கலாம். இந்த இருக்கலாமைப் போக்க ஒரு குண்டு டிவி வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் புராஜெக்ட் இதுவா வேறா என்று அவள் காலேஜில் சொல்லியாக வேண்டும்.

குண்டு டிவிக்கு நம்மிடம் என்ன பஞ்சம் என்று நினைத்தேன். அரசு இலவச கலர் டிவி கொடுத்த மாநிலமாயிற்றே. தெருவில் விசாரித்தால் அத்தனை பேரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தார்கள். பிச்சாவரம் பக்கம் ஒரு தெரிந்தவர், எங்க வீட்ல இருக்கு சார் என்றார். ஆசையாகப் போனேன். டிவி இருந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் சாக்குத் துணி. கோழி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் தொந்தரவு.

கடைசியில் என் மனைவிதான், "எங்க அண்ணன கேட்டுப் பாருங்களேன்" என்றாள். அவர் கம்மாபுரத்தில் இருக்கிறார்.

"இருக்குது மாப்ள, பிரிக்கவே இல்ல" என்றார் மைத்துனர். "கவர்மென்ட்ல குடுத்தப்பவே வீட்ல ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சி. சரி, பாப்பா கல்யாணத்துல சீர் வரிசையில வெச்சிடலாம்னு அட்டப்பெட்டியோட எடுத்து வெச்சோம். பாப்பா வளர்றதுக்குள்ள டிவி பூரா ஒல்லியாயிட்டுது. மாப்ள வூட்டுக்காரங்க சிரிப்பாங்கன்னு வுட்டுட்டோம்."

சனிக்கிழமை இக்பால், நஸ்ரின், நான் மூவரும் காரில் கம்மாபுரம் போய் இறங்கினோம். இக்பால் கேம் பெட்டியைப் பிறந்த குழந்தை மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். மைத்துனர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். புது டிவி வாசனை, இத்தனை வருஷம் கழித்து. டிவி முனகி முனகி வெளிச்சத்துக்கு வந்தது. இக்பால் ஊதினான். மூன்றாவது கட்டம்.

தண்ணீர் விழுந்தது.

கோடு இல்லை, சந்து இல்லை. தண்ணீர். அதற்குப் பின்னால் மங்கலாக அந்தப் பையன் நடந்து போனான். "இதாம்மா... இதான்" என்றான் இக்பால். குரல் உடைந்துவிட்டது.

நஸ்ரின் தரையில் டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "பின்னாடி ஆளு தெரியறான் அத்தா" என்றாள். பிறகு திரும்பி, "ஆனா கலர் வரலையே?"

அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. படம் கறுப்பு வெள்ளை.

மைத்துனருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கலர் டிவிதான் மாப்ள" என்று ரிமோட்டை எடுத்து மெனுவைக் காட்டினார். மெனு நீலமும் மஞ்சளுமாகப் பளிச்சென்று இருந்தது. நஸ்ரின் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள். ஜப்பான் பெட்டி கலரை அனுப்புகிற முறை வேறு. நம் ஊர்ப் பழைய டிவிகள் பலவற்றுக்கு அந்த முறை புரியாது. வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கலரை விட்டுவிடும்.

"அப்ப உங்க வீட்டு டிவில எப்படி அத்தா வந்துச்சி?"

"கலர்லதான். எங்க வீட்ல கலர் டிவிதான இருந்துச்சி" என்ற இக்பால், சாட்சிக்கு லாத்தாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான்.

"அது எங்கடா கலர்ல வந்துச்சி?" என்றார் லாத்தா. "ஒரு நாளும் வந்ததில்ல. சினிமா வரும், கேம் வராது. அத்தா டிவி தலையில தட்டித் தட்டிப் பாத்தாங்க. நீங்க ரெண்டு பேரும் மொத நாளு அழுதீங்க. மறுநாளு மறந்துட்டீங்க."

லாத்தா போனை வைத்துவிட்டார். அருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எந்தப் பச்சைக்கு அவன் சண்டை போட்டான்? எந்த நீலத்துக்கு நான் போட்டேன்? வரைந்தவன் பாதியை டிவியிடம் விட்டான். டிவி மீதியை எங்களிடம் விட்டிருக்கிறது. நாங்கள் இருவரும் தெரியாமலே ஆளுக்கொரு டப்பா பெயின்ட்டோடு உட்கார்ந்திருந்திருக்கிறோம். பெண் பார்க்கப் போன அன்று என் மனைவி மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று இதுவரை யாரிடமும் அடித்துச் சொல்வேன். இனி கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை.

"நான் பொய் சொல்லலம்மா" என்றான் இக்பால். "நான் பாத்தன்." பரீட்சையில் மாட்டிக்கொண்டவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

நஸ்ரின் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள். அதற்கான பேனாவையும் எடுத்தாள். அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆகாசம் என்ன கலரு அத்தா?"

"கத்திரிக்கா."

"பிஞ்சா, முத்துனதா?"

இக்பால் டிவியை உற்றுப் பார்த்தான். "மேல முத்துனது. கீழ வர வர பிஞ்சி."

"எனக்கென்னவோ செம்பருத்தி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"மாமா, நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள்.

சும்மா இருந்தேன். சாயங்காலம் வரை அப்பாவும் பெண்ணும் பாறைக்கு, செடிக்கு, ஈட்டிக்கு என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பேசி நிறம் கொடுத்தார்கள். இக்பால் ஒன்றுக்குக்கூடத் தயங்கவில்லை. மைத்துனர் வீட்டில் போட்டுக் கொடுத்த டீ அவர்கள் இருவருக்கும் ஆறிப்போனது. என்னுடையதை நான் குடித்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை அவளுடைய புராஜெக்ட் முடிந்தது. மத்தியானம் இக்பால் போன் செய்து சொன்னான். ஹாலில் அருவி ஓடியதாம், அவன் சொன்ன அத்தனை நிறத்திலும். பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, ஒரிஜினல் கேமில் தண்ணீர் ரோஸ் ஆயிற்றே, நீங்கள் ஏன் பச்சையாகப் போட்டீர்கள், இது தப்பில்லையா என்று கேட்டாராம்.

"அதுக்கு அவ இன்னா சொன்னா தெரியுமா மச்சான்?" என்றான். "ஒரிஜினல யார் வேணாலும் பாத்துக்கலாம் சார், இது எங்கத்தா பாத்ததுன்னுட்டா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கடையில் கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சட்டென்று போனை வைத்துவிட்டான்.

கடலூர் வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, செருப்புக் கடையில் என்ன கூட்டம்?