போதும் என்று சொன்னவர்

காஞ்சிபுரத்தில் புது வீடு கட்டிய என் அக்கா கணவர், நண்பர்களுக்குத் திருமுக்கூடல் பக்கத்துத் தோப்பில் மதிய விருந்து வைத்தார். பந்தல்காரரும் சமையல்காரரும் கேட்ட கூலிக்குத் தலையாட்டிய மாமா, மது ஊற்றிக் கொடுக்க வந்தவரிடம் மட்டும் எகிறினார்.

“ஊத்திக் குடுக்கறதுக்கு நாலாயிரமாபா?”

அவர் ஒல்லியான ஆள், நரைத்த மீசை. பேசும்போதும் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“யார் வேணா ஊத்தலாம் சார். போதும்னு சொல்றதுக்குத்தான் ஆள் வேணும்.”

மாமா மூவாயிரத்துக்கு முடித்தார். நாலு மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வந்து இன்னொன்று கேட்டவரும் மாமாதான்.

“போதும் சார். கார் சாவி உங்க வூட்டம்மா கையில இருக்குது. நான்தான் குடுத்து வெச்சேன்.”

எல்லார் முன்னாலும் மாமா அவரைக் கண்டபடி திட்டினார். அவர் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூலி கொடுத்தோம். அவருக்கு மட்டும் மாமா இடது கையால் நோட்டை நீட்டினார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தட்டில் வெற்றிலை மீதி இருந்தது. அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்தான்.