அடைபட்ட பாதையும் ஆட்டுக்கால் சூப்பும்

ஒரு நாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவன், வலது காலைத் தரையில் வைத்ததும் அலறிவிட்டேன். விளக்கைக் கொளுத்திப் பார்த்தால் பெருவிரல் மூட்டு வீங்கி, செக்கச் சிவந்து மினுமினுத்தது. போர்வையின் நுனி பட்டால்கூட உயிர் போனது.

சகோதரர்களே, நான் மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. வலியைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. என்னைப் பெற்ற அத்தாவுக்குச் சீனி வியாதி. அவருக்கும் கால்விரலில்தான் தொடங்கியது. விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது, பிறகு முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டியவன் நான். அடுத்த பெருநாளுக்கு அத்தா இல்லை. இப்போது என் விரலைப் பார்க்கும்போதெல்லாம் அத்தாவின் விரல்தான் தெரிந்தது.

டாக்டரிடம் போகவில்லை. போனால் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவாரே! மனைவி ஜைனபிடம் சுளுக்கு என்று சொல்லிவைத்தேன். அவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆரம்பித்தாள்.

"கால் நோவுக்கு ஆட்டுக்கால்தாங்க மருந்து. எங்க அம்மா இதக் குடிச்சுத்தான் எழும்பி நடந்தாங்க" என்றாள்.

மிளகு தட்டிப் போட்டு, எலும்பின் சாரமெல்லாம் இறங்கும் வரை கொதிக்கவைத்து, கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள். இரத்தம் ஊற வேண்டும் என்று ஈரலும் வறுத்துவைத்தாள். வலி கூடினால் சூப்பும் கூடும். மருந்தாயிற்றே என்று நானும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வீக்கம் வடியும். கொஞ்ச நாளில் திரும்ப வரும். வரும்போது முன்னைவிட மோசமாக வரும். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது கால்விரல்கள் மடங்கி ஊன்றி நிற்க வேண்டும் அல்லவா? அது எனக்கு முடியாமல் போயிற்று. எல்லோரும் வரிசையில் நிற்க, நான் மட்டும் பள்ளிவாசல் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து தொழுதேன். "யா அல்லாஹ், என் காலை எடுத்துவிடாதே. என் நெற்றியோடு இந்த விரலும் உன் முன்னால் தரையில் ஊன்றட்டும்" என்று அழுதேன். எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. பதில் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆனி மாதத்து மழையில் வலி விரலை விட்டுக் கணுக்காலுக்கு ஏறியது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அத்தாவின் கதையைச் சொல்லி ஜைனபிடம் விம்மிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் அவள்தான் துணிந்தாள்.

"வெட்டுறதா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும். நாளைக்குக் கண்டிக்குப் போறோம்."

விடிந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் மாரிமுத்து அண்ணன் நனைந்துகொண்டே வந்தார்.

"பாய், பஸ் வராதுங்க. கினிகத்தேன ரோட்டுல மலை சரிஞ்சு கெடக்கு. ஹட்டன் பக்கமும் மரம் விழுந்திருக்காம். இப்போதைக்குத் தொறக்க மாட்டாங்க."

போகப் பயந்த நாளெல்லாம் பாதை திறந்து கிடந்தது. போகத் துணிந்த அன்றைக்கு அல்லாஹ் அதை அடைத்துவிட்டான். என்னைக் கைவிட்டுவிட்டான் என்றே முடிவு கட்டினேன். விரல் கறுக்கிறதா, கறுக்கிறதா என்று விடியும்போதெல்லாம் துணியை விலக்கிப் பார்ப்பேன்.

பஸ் இல்லாததால் இறைச்சியும் வரவில்லை. கடையிலிருந்த கருவாட்டையும் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் சனங்கள் வாங்கித் தீர்த்துவிட்டார்கள். மாரிமுத்து அண்ணன் லயத்துப் பின்னால் காய்த்த பூசணி, சௌசௌ, கீரை என்று கொண்டுவந்து தருவார், அரிசி வாங்கிப் போவார். சூப்புக்குப் பதிலாக "சுடுதண்ணியாச்சும் குடிங்க" என்று ஜைனப் செம்பு செம்பாக நீட்டினாள்.

பாதை திறப்பதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு நாள் மாலை அஸர் தொழுகையில் பயந்து பயந்து விரலை மடக்கி ஊன்றினேன். வலிக்கவில்லை. தரையிலிருந்து நெற்றியை எடுக்க எனக்கு மனமே வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் என்ன செய்தோம் தெரியுமா? பாதை திறந்ததும் ஆடு அறுத்து எல்லோருக்கும் சோறு போட்டோம். ஈரலும் காலும் எனக்கென்று ஜைனப் எடுத்துவைத்தாள். வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

மறுநாள் சுபுஹுக்கு விரலில் நெருப்பாக அதே வலி. கொடுத்த சுகத்தை அல்லாஹ் திரும்ப வாங்கிக்கொண்டானோ என்று நடுங்கினேன். அன்றைக்கே கண்டிக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"சீனி வருத்தம் இல்லை. இது கௌட், மூட்டில யூரிக் அமிலம் படியிற வருத்தம். என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார்.

ஜைனப் பெருமையோடு சூப்பையும் ஈரலையும் சொல்லச் சொல்ல, அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இவரின்ர காலை வெட்டத் தேவையில்லை. அந்தச் சூப்புச் சட்டியைத் தூக்கி எறியுங்கோ."

ஈரல், எலும்புச் சூப்பு, நெத்தலிக் கருவாடு எல்லாம் அந்த அமிலத்தைக் கூட்டும் என்று நிறுத்தச் சொன்னார். இறைச்சி எப்போதாவது கொஞ்சம், காய்கறி தாராளமாக, தண்ணீர் நிறைய. உடம்பைப் பெருக்க விடாமல் தினமும் நடக்க வேண்டும். வலி வந்தால் போட மாத்திரையும் தந்தார். சாப்பாட்டால் மட்டும் எல்லோருக்கும் அடங்கிவிடாது, மறுபடி வந்தால் ஒளிக்காமல் வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது ஜைனப் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். "நானே ஊட்டி ஊட்டிக் கெடுத்தேனே" என்றாள். அப்போது பஸ் அந்தச் சரிவைத் தாண்டியது. ஓரமாகத் தள்ளிய மண் இன்னும் ஈரமாகக் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. நான் பதிலில்லை என்று அழுத நாட்களில், இறைச்சியாக என் தட்டுக்கு வந்த நோயை வழியிலேயே நிறுத்தியிருந்தது அந்த மண்தான். அவளுக்கும் அதைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வலி எட்டிப் பார்த்தது, மாத்திரையில் அடங்கியது. கடைக்குப் பின்னால் இப்போது எங்கள் சொந்தப் பூசணிக் கொடி ஓடுகிறது.

சகோதரர்களே, நோயை ஒளிக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள், சாப்பிடுவதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அல்லாஹ்விடம் துஆ கேட்பதையும் விடாதீர்கள். உங்கள் பாதை அடைபட்டால் என்னைப்போல உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இன்றைக்கும் சுஜூதில் விரலை மடக்கும்போது ஒரு கணம் பயம் வரும். பிறகு விரல் ஊன்றும், நெற்றி தரையில் படும். அங்கே நான் அல்லாஹ்வுக்கு முதலில் நன்றி சொல்வது அந்த மண்சரிவுக்காகத்தான்.